இடதுபக்கக் கம்பு

அக்டோபர் 7, திங்கள்

குகதாசன் பொய் சொல்கிறார். ஆறு வருடத்தில் லண்டனில் எங்கள் நாட்டுத் தூதரகத்துக்கு முன்னால் நடந்த பதினொரு ஆர்ப்பாட்டத்துக்கும் போனாராம். அவருடைய முகம் தெரிகிற ஒரு படம்கூட இல்லை. எங்கள் ஆட்கள் கோயிலில் அன்னதானத்துக்குப் போனாலே பன்னிரண்டு படம் எடுப்பார்கள்.

கோப்பு இன்று என் மேசைக்கு வந்தது. பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தின் முப்பத்தோராவது பந்தி இது: "மனுதாரர் சமர்ப்பித்த இரண்டு படங்களிலும் காணப்படுவது ஒரு கை மட்டுமே. அது அவருடைய கை என்றே ஏற்றுக்கொண்டாலும், கையை வைத்து அவருடைய நாட்டு அதிகாரிகள் அவரை அடையாளம் காண்பார்கள் என்று கருத இடமில்லை." வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த பக்கத்தில் திகதிகள் இருந்தன. மேல்முறையீடு நவம்பர் 5. புதிய சாட்சியங்கள் அக்டோபர் 28, திங்கள் மாலை நாலு மணிக்குள் போய்ச்சேர வேண்டும். தோற்றால் விமானம் ஏற்றுவார்கள். சிரிப்பு நின்றது.

சற்குணம் வக்கீலின் அலுவலகத்தில் எனக்குள்ள வேலை, அகதி மனுக்காரர்கள் சொல்கிற ஆர்ப்பாட்டக் கதைகளைச் சரிபார்ப்பது. ஒரே ஆர்ப்பாட்டத்தில் மூன்று ஜாக்கெட் மாற்றி, மூன்று வருடத்துப் படம் என்று கொண்டுவந்த ஒருவர் இருந்தார். மூன்று படத்திலும் பின்னால் ஒரே பொலிஸ்காரர் ஒரே வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தார். நான் அதைக் கண்டுபிடித்தது அவருக்கு விசா கிடைத்து ஒரு மாதம் கழித்து. லட்டு கொண்டுவந்தார். அன்றிலிருந்து நான் ஒருவரையும் நம்புவதில்லை.

வீட்டில் பொயிலர் மறுபடி பழுது. குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

குகதாசன் வந்தார். நாற்பத்தொரு வயது. ஊர் வற்றாப்பளை. என் மேசைக்குக் கீழே அவருடைய முழங்கால் அடங்கவில்லை, அவ்வளவு நெட்டை. ஊரில் இவர்களுடைய காணியில் இராணுவ முகாம் போட்டார்கள். அதற்கு எதிராக மறியல் செய்ததற்கு நாற்பத்தொரு நாள் உள்ளே வைத்தார்கள். வெளியே விட்டபிறகு ஒவ்வொரு ஞாயிறும் முகாமுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு ஞாயிறு வைக்காமல் இங்கே வந்துவிட்டார். இதை அரசாங்கம் பாதி நம்புகிறது. லண்டன் ஆர்ப்பாட்டங்களையும் நம்பினால்தான் மீதி நிற்கும்.

ஆர்ப்பாட்டத்தில் யார் பேசினார் என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். என்ன கோஷம் போட்டீர்கள் என்றேன்.

"முன்னாலை சொல்லுறது பின்னாலை வரேக்கை இரைச்சல்தான் தங்கச்சி. எல்லாரும் வேணும் எண்டேக்கை நானும் வேணும் எண்டுவன்."

"என்ன வேணும் எண்டு தெரியாமலோ?"

"நல்லதைத்தானே கேட்டிருப்பினம்."

பெரிய பதாகையின் இடதுபக்கக் கம்பைப் பிடித்தாராம். நெட்டை ஆள் என்று அந்த வேலையைக் கொடுத்தார்களாம். சரி, பதாகையில் என்ன எழுதியிருந்தது? தெரியாது. பதினொரு தடவை பிடித்த பதாகையில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

"நான் அதுக்குப் பின்னாலைதானே நிண்டனான்."

அவருக்குத் தெரிந்தவை வேறு. கம்பின் அடியில் ஊன்றுகோலின் ரப்பர் மாட்டியிருக்கிறது. தெருமுனையில் காற்று வலப்பக்கமிருந்து அடிக்கும். எட்டடிக் கம்போடு ரயிலில் ஏறினால் ஆட்கள் தாமாகவே இடம் விடுவார்கள். இதையெல்லாம் வைத்து நான் நீதிபதியிடம் என்ன செய்வது? ஜாக்கெட்காரர் இதைவிட நன்றாகத் தயாராகி வந்திருந்தார்.

அக்டோபர் 10, வியாழன்

வெம்பிளியில் றெஜி அண்ணையின் ஸ்ரூடியோவுக்குப் போனேன். எல்லா ஆர்ப்பாட்டத்துக்கும் படம் எடுப்பவர் அவர்தான். கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, ஆர்ப்பாட்டம் எல்லாம் ஒரே கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. எல்லா முகத்தையும் வெள்ளையாக்கியிருக்கிறார். நீதி கேட்டு வந்தவர்கள் மணவறையிலிருந்து நேரே எழுந்து வந்ததுபோல் இருக்கிறார்கள்.

மூவாயிரத்துச் சொச்சம் படம் பார்த்தேன். முன்வரிசை முழுவதும் கடைக்காரர், கோயில் தலைவர், பாடசாலைச் சங்கத் தலைவர். எல்லோரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர். முகம் தெரியவேண்டிய தேவை இல்லாதவர்களுடைய முகம் பளிச்சென்று தெரிகிறது. தேவை உள்ளவர்கள் பின்னால் நிற்கிறார்கள். இதைத்தான் நாங்கள் ஒற்றுமை என்கிறோம்.

இடதுபக்கக் கம்பு ஏன் ஒரு படத்திலும் முழுதாக இல்லை என்று கேட்டேன்.

"கம்பு வந்தா படம் வடிவில்லைப் பிள்ளை. நான் அதை வெட்டிப்போடுவன்," என்றார்.

வெட்டாத படங்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இடதுபக்கக் கம்புக்கு நேர் முன்னால் ஒரு தடியன் நிற்கிறான். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்குவரை சுற்றிய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வை, கையில் ஒலிபெருக்கி. ஆளும் தெரியாமல், பின்னால் நிற்பவனையும் மறைத்துக்கொண்டு ஒரு மதில் மாதிரி நிற்கிறான். தோளுக்கு மேலே கம்பைப் பிடித்த நாலு விரல் மட்டும் தெரிகிறது. உரிமைக்குரல் கொடுக்க வருபவனுக்கு எதற்கு முகமூடி?

இன்னொன்று. அப்பாவும் ஒரு படத்திலும் இல்லை. அப்பா இந்த ஆர்ப்பாட்டங்களை நடத்துகிற சங்கத்தின் செயலாளர். பதினொன்றுக்கும் போனதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார். என் கணக்குப்படி அவரும் பொய் சொல்கிறார். அம்மாவுக்கு வெகுநாளாக அந்தச் சந்தேகம் உண்டு. சீட்டு விளையாடப் போகிறார் என்பது அவளுடைய கட்சி.

அக்டோபர் 11, வெள்ளி

பொயிலர்காரன் வரவில்லை. அம்மா சூடை மீன் பொரித்தாள்.

அப்பா ஊரில் கட்டுகிற கொக்குவில் வீட்டின் மேல்மாடிக் குளியலறைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்து சித்தப்பா வாட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்புகிறார். டிசெம்பர் 12 டிக்கெட் எடுத்தாயிற்று. மூன்று பேரும் போகிறோம். பச்சையா நீலமா என்று என்னிடம் கேட்டார். இரண்டும் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றேன்.

பிறகு அம்மாவிடம் தன்னுடைய சாம்பல் சால்வை எங்கே என்று கேட்டார். இருபத்தாறாம் திகதி ஆர்ப்பாட்டத்துக்கு வேண்டுமாம். அலமாரியில் இருப்பதாக அம்மா சொன்னாள்.

லண்டனில் சாம்பல் சால்வை ஆயிரம் பேரிடம் இருக்கும்.

அக்டோபர் 14, திங்கள்

குகதாசனை மறுபடி கூப்பிட்டேன். ஒரேயொரு கேள்விதான் வைத்திருந்தேன்: பதாகையைப்பற்றி ஏதாவது, எதுவாவது தெரியுமா? யோசித்தார்.

"வெயில் அடிச்சா துணியாலை எழுத்துத் தெரியும். ஆனா மாறித் தெரியும். அதைக் கீறிக் காட்டட்டோ?"

தாளையும் பேனையையும் கொடுத்தேன். கால் மணி நேரம் எடுத்தார். எழுதவில்லை, சித்திரம் மாதிரிக் கீறினார். வலமிருந்து இடமாக மூன்று வரி. ஒரு மூலையில் துணி கிழிந்து தைத்த அடையாளம். கீழே சின்னதாக ஒரு நம்பர், அதுவும் மாறித்தான். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அலுவலகக் கழிவறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன்.

அரசியல் கைதிகளை விடுதலை செய். எங்கள் நிலத்தை எங்களிடம் தா. மூன்றாவது வரியில் சங்கத்தின் பெயர். கீழே அப்பாவின் பழைய கைத்தொலைபேசி நம்பர், ஒரு இலக்கம்கூடப் பிழையில்லாமல்.

கழிவறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். ஒரு பொய்யன் பதாகையின் முன்பக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டு வருவான். பின்பக்கத்தை யார் பாடமாக்குவார்?

குகதாசன் பொய் சொல்லவில்லை. முதல் வரியில் எழுதியதை அடிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கே தெரியவேண்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

தாளைச் சற்குணம் சேரிடம் கொண்டுபோனேன். கைக்கண்ணாடி ஒன்றையும் கொண்டுபோனேன். பார்த்தார், ரசித்தார், திருப்பித் தந்தார்.

"நான் நம்புறன். நீர் நம்புறீர். ஜட்ஜ் என்ன சொல்லுவார் தெரியுமோ? வீட்டிலை இருந்து பழகிப்போட்டு வந்திருக்கிறார் எண்டு."

வேண்டியது ஒரு ஆள். எல்லா ஆர்ப்பாட்டத்திலும் நின்றவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவர், "இவர் என் பின்னால் நின்றார், தூதரகத்தின் மேல்மாடி ஜன்னலுக்கு இவர் முகம் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டுத் தருபவர். ஒரு பக்கம் போதும். சேர் படங்களைப் புரட்டி, தடியனின் தொப்பிமேல் பேனையால் தட்டினார். இந்த ஆளைப் பிடியும் என்றார். பதினொன்றிலும் நிற்கிறான்.

ஆள் யாரென்று தெரியவில்லை என்று சொன்னேன்.

அக்டோபர் 16, புதன்

குகதாசனுக்கு ரெலிபோன் எடுத்து, முன்னால் நிற்கிற தொப்பிக்காரர் யார் என்று அலுவலக முறைப்படி கேட்டேன். உங்களுக்குத் தெரியாதோ என்று கேட்டார். பிறகு, "செயலாளர் சிவபாதம் அண்ணைதானே," என்றார்.

நான் எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 17, வியாழன்

சால்வையைப் பார்த்த அன்றே தெரியும். போதும்.

அக்டோபர் 18, வெள்ளி

அந்தத் தடியன் என் அப்பா என்று சேரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப லேசுதானே," என்றார். குகதாசனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஒரு பக்க வாக்குமூலத்தை இன்றே தட்டச்சு செய்தேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே அப்பாவின் பெயர். சிவபாதம் என்கிற பெயர் தட்டச்சில் நன்றாக இருக்கிறது.

பொயிலர்காரன் வந்தான். ஒரு பாகம் ஜெர்மனியிலிருந்து வரவேண்டுமாம்.

அக்டோபர் 19, சனி

காலையில் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். நீல டைல்ஸ் முடிவாகியிருந்தது. குகதாசன் என்று ஒருவரைத் தெரியுமா என்று கேட்டேன்.

முகம் மலர்ந்தது. குகனைத் தெரியாதா? தங்கமான பெடியன். ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. ஒரு தடவை காய்ச்சலோடு மூன்று மணி நேரம் கம்பு பிடித்தவன். அவன் இல்லையென்றால் அந்தப் பதாகையே இல்லை. இப்படிக் கால் மணி நேரம் புகழ்ந்தார். நான் தட்டச்சு செய்ததைவிட நல்ல வாக்குமூலம். தாளை எடுத்து முன்னால் வைத்தேன்.

அப்பா வாசித்தார். மறுபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது எங்கை போகும்?"

"கோர்ட்டுக்கு."

"என்ரை பேர் இருக்கு."

"சாட்சிக்காரன்ரை பேர் இல்லாமல் என்னெண்டு அப்பா?"

நடந்தது இதுதான். ஒரு ஆர்ப்பாட்டத்தைப் பதினொரு தடவை ஒழுங்கு செய்தேன் என்று கையெழுத்து வைத்தால், அந்தத் தாள் எப்படியாவது ஊரிலுள்ள அதிகாரிகளிடம் போய்விடும் என்று பயப்படுகிறார். டிசெம்பரில் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்து நிற்கும்போது கணினியில் பெயர் வந்துவிட்டால்? வீடு? மேல்மாடி? தொப்பியும் கண்ணாடியும் சால்வையும் அதற்குத்தான். தூதரக ஜன்னலில் ஒருவர் எப்போதும் கமரா வைத்திருப்பார் என்று எல்லோரும் சொல்வார்கள். அப்பா அதை முழுதாக நம்புகிறார்.

அதாவது குகதாசனுக்கு ஆபத்து இருக்கிறது என்று இந்த லண்டனில் மிக உறுதியாக நம்புகிறவர் என் அப்பா. கையெழுத்து வைக்காததற்குக் காரணமும் அதுதான். இதை அவரிடம் சொன்னேன். நீ வக்கீல் மாதிரிக் கதைக்காதே என்றார்.

"வாயாலை எங்கை எண்டாலும் வந்து சொல்லுவன்."

"கோர்ட்டிலை வந்து சொல்லுங்கோ."

"கோர்ட்டிலை சொன்னா எழுதுவாங்கள்."

பேனையில் மை இல்லை என்றார். வேறு பேனை கொடுத்தேன். சீனி குறைந்து கை நடுங்குகிறது என்றார். அம்மா பிஸ்கட் கொண்டுவந்தாள். சாப்பிட்டார். சங்கத்தில் கேட்காமல் செயலாளர் தனியாக ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

அக்டோபர் 20, ஞாயிறு

சங்கக் கூட்டம், ஒரு பலசரக்குக் கடையின் நிலவறையில். நானும் போனேன். பதாகை மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கம்பைத் தூக்கிப் பார்த்தேன். ஊன்றுகோல் ரப்பர் இருந்தது.

ஒன்பது பேர். குகதாசனுக்கு முழு ஆதரவு என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அதைச் சங்கத்தின் கடிதத்தாளில் தாருங்கள் என்றேன். கடிதத்தாளில் நிர்வாகிகளின் பெயர் அச்சிட்டிருப்பதால் அது சரிவராதாம். வெறுந்தாளில் ஒருவர் கையெழுத்து வையுங்கள் என்றேன். தலைவருக்கு ஜனவரியில் மகளின் கல்யாணம் யாழ்ப்பாணத்தில். உபதலைவர் நெல்லியடியில் காணி விற்கிறார். பொருளாளர் ஊரில் தேர் இழுக்கப் போகிறார். ஒன்பது பேரில் ஊருக்குப் போகாதவர் ஒருவர்தான். அவருக்கு இன்னும் விசா இல்லை.

கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருபத்தாறாம் திகதி குகதாசனுக்குப் பொன்னாடை போர்த்துவது. எல்லோரும் கைதட்டினார்கள். அதையாவது படம் எடுக்கலாமா என்று கேட்டேன்.

"பின்பக்கமா நிண்டு எடுக்கலாம்," என்றார் தலைவர்.

அக்டோபர் 23, புதன்

குகதாசனிடம் உண்மையைச் சொன்னேன். சிவபாதம் என் அப்பா, கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும் தங்கச்சி. மகள் லோயர் ஒபிசிலை எண்டு அண்ணை பெருமையாச் சொல்லுறவர். அதுதானே இங்கை வந்தனான்."

பிறகு கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அவருக்கும் ஊரைப் பாக்கவேணும்தானே," என்றார். "விடுங்கோ."

விட முடியாது என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து சேர் எட்டிப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று குகதாசனிடம் கேட்டேன். வராத ஞாயிறுகளுக்கெல்லாம் கணக்குக் கேட்பார்கள் என்றார். ஆறு வருட ஞாயிறு. சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இருபத்தாறாம் திகதிக்கு வருவீர்களா என்று கேட்டேன். வராமல்? கம்பை யார் பிடிப்பது?

அக்டோபர் 24, வியாழன்

அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா மூலம் பேசுகிறார். அம்மா மூலம் நானும் பதில் சொன்னேன்: நான் டிசெம்பரில் வரவில்லை, என் டிக்கெட்டை ரத்துச் செய்யச் சொல்லுங்கள். அம்மா அதைக் கொண்டுபோகவில்லை. இருவரும் சேர்ந்து தன்னைத் தபால்காரியாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். போகும்போது ஒன்று சொன்னாள். தொண்ணூற்றொன்றில் அம்மா அப்பாவின் அகதி வழக்குக்கு ஒரு பாதிரியார் கையெழுத்து வைத்தாராம். அவர்களை இரண்டு தரம்தான் கண்டவர்.

இது எனக்கு இருபத்தேழு வயதுவரை தெரியாது.

அக்டோபர் 25, வெள்ளி

பாதிரியாரைப்பற்றி அப்பாவிடம் கேட்டேன். அந்த மனுசனுக்கு ஊரில் வீடு இருக்கவில்லை என்றார்.

அக்டோபர் 26, சனி

மழை இல்லை, வெயில். ஐந்து மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டேன். நடந்ததை மறப்பதற்குள் எழுதுகிறேன்.

இருநூறு பேர் இருக்கும். வழக்கம்போல முன்வரிசை பளபளப்பு. றெஜி அண்ணை எல்லோரையும் நாடியைக் கீழே இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். பின்பக்கமாக நின்று படம் எடுத்தார்கள். குகதாசன் பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கம்பைப் பிடிக்கப் போனார். பதாகை உயர்ந்தது. அதற்கு முன்னால் தொப்பி, கண்ணாடி, சால்வை. அப்பா.

ஒலிபெருக்கியில் அப்பாவின் குரல் நன்றாக இருக்கும், அதை மறுக்க மாட்டேன். கைதிகளுக்கு விடுதலை வேண்டும் என்றார். கூட்டம் வேண்டும், வேண்டும் என்றது. நிலம் வேண்டும். வேண்டும், வேண்டும். பொறுப்புக்கூறல் வேண்டும். அதற்கும் வேண்டும். எதைக் கேட்டாலும் இந்தக் கூட்டம் தயங்காது என்று தோன்றியது.

வாக்குமூலத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன். பக்கத்தில் போய், "அப்பா, திங்கள் நாலு மணி," என்று மெதுவாகச் சொன்னேன். இப்போது நேரமில்லை என்றார். ஒரு எட்டு வலப்பக்கம் தள்ளி நில்லுங்கள், அவருடைய முகமாவது தெரியட்டும் என்றேன். தள்ளினால் வெயில் கண்ணில் அடிக்குமாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்கிறார்.

அப்போது வலப்பக்கமிருந்து காற்று அடித்தது. சால்வை அவிழ்ந்து அப்பாவின் மூக்கும் வாயும் மீசையும் வெளியே வந்தன. ஜன்னலை ஒருதரம் பார்த்தார். சால்வையைத் திரும்பச் சுற்ற இரண்டு கையும் தேவைப்பட்டது.

"இதைப் பிடி பிள்ளை," என்று ஒலிபெருக்கியை என்னிடம் தந்தார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்தேன் என்று எழுதினால் பொய். பொத்தானை அழுத்தினேன்.

"பதினொரு ஆர்ப்பாட்டத்திலும் இந்தப் பதாகையைப் பிடித்தவர் குகதாசன். அதற்குச் செயலாளர் சிவபாதம் கையெழுத்து வைக்க வேண்டும்."

வாய் பழகிய இரண்டு மூன்று பேர் "வேண்" என்று தொடங்கி நிறுத்தினார்கள். றெஜி அண்ணை கமராவை இறக்கினார். தலைவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கி, போனது. அப்பா சால்வையின் இரண்டு நுனியையும் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குள்ளே கண் தெரியவில்லை.

தாளை நீட்டினேன். பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் மறுபடி கேட்டேன்.

"அப்பா, வைப்பீங்களோ, மாட்டீங்களோ?"